லாரிக்கார அண்ணனின் மச்சம்

1. எண்ணெய்த் தலையோடு

எங்கள் தொழிலில் சனிக்கிழமை லீவு என்பதே கிடையாது. அதனால் என் எண்ணெய்க் குளியல் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான். அன்றும் தலையில் எண்ணெய் வழிய வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஃபோன் அடித்தது. எடுத்தால் பேச்சே இல்லை, அழுகை மட்டும் கேட்டது.

"யாருங்க? ஏனுங்க அழுகறீங்க?" என்றேன்.

"அண்ணாச்சி, ஜெசிந்தா பேசுதேன். எல்லாம் போச்சு அண்ணாச்சி. எங்க அண்ணன் மூஞ்சி மாறிப் போச்சு."

என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் எண்ணெய் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. விஷயம் இதுதான். எங்கள் பிரிண்டிங் யூனிட்டில் ஒரு டிவி நடிகரின் முகத்தை டீ-சர்ட்டுக்கு அடித்துக் கொடுத்திருந்தோம். அந்த நடிகருக்கு வலது கன்னத்தில் மச்சம். எங்கள் டீ-சர்ட்டில் அது இடது கன்னத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஜெசிந்தாவின் ரசிகர் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் அதைப் போட்டுக்கொண்டு கடைவீதியில் நிற்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் அந்த நடிகரே வந்து அவர்களோடு போட்டோ எடுத்துக்கொள்ளப் போகிறார்.

திருப்பூரில் பிரிண்டிங் மாஸ்டராக இருந்து இப்போது ரிட்டையர் ஆகிவிட்டேன், இது நான் வேலையில் இருந்தபோது நடந்தது. ஷிப்மெண்ட் மொத்தமாக ரிஜெக்ட் ஆனதைப் பார்த்திருக்கிறேன். சாயம் ஒட்டி, பண்டல் பண்டலாக பீஸ் வீணானதைப் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் இரவில் நன்றாகத் தூங்கியவன்தான். ஆனால் இது வேறு. வெளிநாட்டு பையர் என்றால் மெயிலில் திட்டுவான், நாமும் மெயிலில் மன்னிப்புக் கேட்டுவிடலாம். இவள் அழுகிறாளே, நான் என்ன செய்வேன்? சீயக்காய் தேய்த்தும் தேய்க்காமலும் நாலு செம்பு ஊற்றிக்கொண்டு கிளம்பினேன்.

2. எங்கள் ஊர் ரசிகர்கள்

மற்ற ஊர்களில் ரசிகர்கள் டீ-சர்ட் வாங்குவார்கள். எங்கள் ஊரில் தைத்துக்கொள்வார்கள்.

இது பெருமைக்குச் சொல்வதல்ல. ஒரு சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஒருத்தி கட்டிங், நாலு பேர் ஓவர்லாக் மெஷின், ரெண்டு பேர் ஃப்ளாட்லாக் மெஷின், மீதிப் பேர் செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று இருப்பார்கள். சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டாலும் அது ஒரு முழு பனியன் கம்பெனிதான். காதர்பேட்டையில் துணி எடுப்பார்கள். கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப்வொர்க் யூனிட் ஓனர் யாரையாவது பிடித்து, ஷிப்ட் முடிந்தபின் மெஷினைக் கேட்டு வாங்குவார்கள். எட்டு மணி நேரம் எவனுக்கோ தைத்த கை, அதற்குப்பிறகு தனக்காகத் தைக்கும்போது காட்டுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். அந்த வேகத்தை ஷிப்டில் காட்டினால் ஓனர் கோயில் கட்டிக் கும்பிடுவார்.

அவர்களால் செய்ய முடியாதது பிரிண்டிங் ஒன்றுதான். அதற்கு மட்டும் எங்களிடம் வருவார்கள். சினிமா ரிலீஸ் வந்தால் பையன்கள் வருவார்கள். ஃபோனில் துப்பாக்கி கேம் விளையாடுகிற ஹாஸ்டல் பையன்கள்கூட, தங்கள் டீமுக்கு ஒரு மண்டையோட்டுப் படத்தோடு வந்து நிற்பார்கள். நான் சீரியலும் பார்ப்பதில்லை, கேமும் ஆடுவதில்லை. இந்த வேலையெல்லாம் எனக்கு இடைஞ்சலாகத்தான் இருக்கும். வள்ளென்று விழுந்துவிட்டு, கடைசியில் அடித்தும் கொடுப்பேன்.

ஜெசிந்தாவும் அப்படித்தான் வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், ஓவர்லாக் டெய்லர். ஒரு சீரியலில் லாரி டிரைவராக வருகிற அண்ணன் பாத்திரம். அதில் நடிக்கிறவருக்குத்தான் இவர்கள் சங்கம். நடிகரின் பெயரைச் சொல்லவே மாட்டார்கள், லாரிக்கார அண்ணன் என்பார்கள்.

"அவர் நெசத்துல லாரி ஓட்டுவாருங்களா?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, கிண்டலா? எங்க வீட்டு ஆம்பளைங்க எங்கட்ட ஒரு நாளு 'சாப்ட்டியா'ன்னு கேட்டிருப்பாவளா? அவரு தங்கச்சிங்கட்ட தெனமும் கேக்காரு."

எழுதிக் கொடுத்ததைத்தானே கேட்கிறார் என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

அந்த நடிகர் எங்கள் ஊரில் ஒரு செல்ஃபோன் கடை திறக்க வருவதாக இருந்தது. ஜெசிந்தா அந்தக் கடை மேனேஜரை நடையாக நடந்து பிடித்து, மேடையில் சங்கத்தோடு ஒரே ஒரு போட்டோவுக்குச் சம்மதம் வாங்கியிருந்தாள். ஊரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பெண்கள் அவர்கள். அந்தப் போட்டோ அவர்களுக்கு எப்பேர்ப்பட்ட விஷயம் என்று அப்போது எனக்கு அவ்வளவாகப் புரியவில்லை.

3. மச்சம் இருக்கா?

அவர்கள் வெட்டிக் கொண்டுவந்த மஞ்சள் துணி, ஒரே கலர் பிரிண்ட், கருப்பு. முகம் மட்டும். நான் கீழே பெயரோ சங்கத்தின் பெயரோ போடலாம் என்றேன். ஜெசிந்தா கூடவே கூடாது என்றாள்.

"எங்க அண்ணன் மூஞ்சிக்குப் பேரு எதுக்கு அண்ணாச்சி? பாத்தா தெரியாதா?"

இந்த இடத்தைக் கவனியுங்கள். எழுத்து இல்லாத டிசைன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் டிசைனர் முதலில் ஒரு முகத்தைத் தயார் செய்து காட்டினார். ஜெசிந்தா ஒரு வினாடிதான் பார்த்தாள்.

"மச்சம் எங்க?"

டிசைனர் அதை போட்டோவில் இருந்த தூசு என்று நினைத்துத் துடைத்துவிட்டிருந்தார். அதற்கு அவள் அவரைப் பிடித்த பிடி இருக்கிறதே, அவர் அன்று டீகூடக் குடிக்கவில்லை. மச்சத்தைத் திரும்ப வைத்து, பெரிதாக்கி, பிறகு சிறிதாக்கிய பின்தான் ஒருவழியாக அவள் தலையாட்டினாள். அதிலிருந்து எங்கள் யூனிட் முழுக்க ஒரே பேச்சு. ஃபிலிம் வந்ததா? வந்தது. மச்சம் இருக்கா? இருக்கு. ஸ்கிரீன் கழுவியாச்சா? ஆச்சு. மச்சம் விழுந்திருக்கா? விழுந்திருக்கு.

ஸ்கிரீன் எக்ஸ்போஸ் செய்கிறவர் முத்துப்பாண்டி, மதுரைக்காரர், பல வருஷம் கைப்பழக்கம் உள்ளவர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். டிசைனை ஒரு ஃபிலிமில் எடுத்து, மருந்து பூசிய ஸ்கிரீன்மேல் வைத்து வெளிச்சம் காட்டுவோம். வெளிச்சம் படாத இடம் கழுவும்போது கரைந்துவிடும், அந்த வழியாகத்தான் இங்க் இறங்கும். ஃபிலிமை எந்தப் பக்கம் வைக்கிறோம் என்பதுதான் முக்கியம். பக்கம் மாற்றி வைத்தால் இடம் வலமாகிவிடும். எழுத்து இருந்தால் முதல் பீஸிலேயே தெரிந்துவிடும், டேபிளில் அடிக்கிறவனே கத்திவிடுவான். முகத்தில் என்ன தெரியும்? இடமாக இருந்தாலும் வலமாக இருந்தாலும் கண்ணு, மூக்கு, வாய்தான். முத்துப்பாண்டி மச்சத்தை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, ஃபிலிமைப் பக்கம் மாற்றி வைத்துவிட்டார்.

சாம்பிள் பீஸ் அடித்தவுடன் ஜெசிந்தாவுக்குச் சொன்னோம். லஞ்சில் ஓடி வந்தாள். கூடவே செக்கிங் வேலை பார்க்கும் பரிமளா, அவள் அவிநாசிப் பக்கத்துப் பெண். இருவரும் எப்படிப் பார்த்தார்கள் தெரியுமா? ஜெசிந்தா துணியை இரண்டு கையாலும் இழுத்து பிரிண்ட் வெடிக்கிறதா என்று பார்த்தாள். பரிமளா நகத்தால் சுரண்டினாள். இன்ச் டேப்பை எடுத்துக் கழுத்திலிருந்து அளந்தாள். துணியைத் திருப்பி இங்க் பின்பக்கம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். ஓரத்தில் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தாள்.

"மச்சம் இருக்குதுங்க," என்றாள் பரிமளா.

"இதான் அண்ணாச்சி. இதான் எங்க அண்ணன்," என்று ஜெசிந்தா அந்தத் துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

அப்ரூவ்டு. மொத்தமும் அடித்துக் கொடுத்தோம். தைத்தார்கள், பிசிறு வெட்டினார்கள், அயர்ன் செய்தார்கள், மடித்துக் கவரில் போட்டார்கள். எத்தனை கை, எத்தனை கண். ஒரு தையல் தப்பியிருந்தாலும் கண்டுபிடித்திருப்பார்கள். பீஸைக் கையில் எடுத்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேலைக்கண் வந்துவிடும், அந்தக் கண்ணுக்கு முகம் தெரியாது.

4. கடைவீதியில்

நான் போய்ச் சேர்ந்தபோது செல்ஃபோன் கடைக்கு முன்னால் செண்டை மேளம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. ரோட்டை அடைத்துக் கூட்டம். ஓரத்தில் ஒரு டீக்கடைப் பக்கம் மஞ்சள் டீ-சர்ட் கும்பல். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

கண்டுபிடித்தவள் பரிமளாதான். ஸ்டேட்டஸ் வைக்கலாம் என்று, தன் டீ-சர்ட்டுக்குப் பக்கத்தில் அந்த நடிகரின் போட்டோவை ஃபோனில் பிடித்துக் காட்டியிருக்கிறாள். அப்போதுதான் மச்சம் ரெண்டு பக்கமும் நின்று அவளைப் பார்த்திருக்கிறது.

"நாஞ் சொல்லாமயே இருந்திருக்கலாமுங்க மாஸ்டர். என்ற வாய வெச்சுட்டு சும்மா இருக்க முடீலீங்க," என்றாள்.

முத்துப்பாண்டியும் வந்து நின்றார். அவரைக் கூப்பிட்டது யார் என்று தெரியவில்லை. "மாஸ்டர், எழுத்து ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா நான் பாத்திருப்பேன்ல," என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். போதும் விடுங்க என்றேன்.

ஜெசிந்தா டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து துப்பட்டாவைப் பிரித்து டீ-சர்ட்டின்மேல் சுற்றியிருந்தாள். நான் சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

"அம்மணி, இத்தன கூட்டத்துல யாருங்க மச்சத்தப் பாக்கப் போறாங்க? ஒருத்தருக்கும் தெரியாதுங்க."

"ஒருத்தருக்கும் தெரியாது அண்ணாச்சி. எனக்குத் தெரியுதுல்லா?" என்றாள். "தெனமும் பாக்கேன். சாப்பிடாம பாக்கேன். இவளுவட்ட எல்லாம் பெருமையா, எங்க அண்ணன எனக்கு இருட்டுல கூட அடையாளம் தெரியும்னு சொல்லியிருக்கேன். கையில கொண்டாந்து கொடுத்தீய. என் கண்ணு எங்க போச்சு? கன்னத்துல வச்சுக்கிட்டேன், யாரு மூஞ்சின்னு பாக்கல. நான் என்ன ரசிகை?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. பிரிண்ட் தப்பு என்று அவள் அழவில்லை. தான் பார்க்கவில்லையே என்று அழுகிறாள். இதற்கு மறுபடி அடித்துக் கொடுத்தாலும் தீராது. எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் பிரிண்டிங் சமாதானம்தான், அதில் இதற்கு மருந்து இல்லை. மனது கஷ்டமாகிவிட்டது.

"நான் மேடைக்கு வரல. நீங்க எல்லாம் போங்கடி," என்று அவள் மற்றவர்களிடம் சொன்னாள். ஒருத்தியும் நகரவில்லை. போட்டோவை வாங்கிக் கொடுத்தவளே இல்லாமல் எப்படிப் போவார்கள்?

அதற்குள் கார் வந்துவிட்டது. கூட்டம் ஓவென்று கத்தியது. கடை மேனேஜர் வேர்க்க வேர்க்க ஓடி வந்து, "சங்கத்துக்காரங்க யாருங்க? இப்பவே வாங்க, அப்புறம் அவரு கெளம்பிருவாருங்க," என்றார்.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். "வாங்க அம்மணி. நானும் வர்றேன். அவருகிட்ட நானே சொல்லிப்போடறேன், தப்பு பிரிண்டிங்காரங்களுது, இந்தப் புள்ளைங்களுது இல்லீன்னு. அதுக்கப்புறம் போட்டோ எடுக்கறதா வேண்டாமான்னு நீங்களே பாத்துக்கங்க."

அவள் என்னைப் பார்த்தாள். எழுந்தாள். துப்பட்டாவை மட்டும் விடவில்லை.

5. மேடையில்

டிவியில் பெரிதாகத் தெரிகிறவர்கள் நேரில் சின்னதாக இருப்பார்கள். அவரும் அப்படித்தான் இருந்தார். தூக்கமில்லாத கண், சட்டையில் மாலையின் ஈரம். மச்சம் மட்டும் நான் நினைத்ததைவிடப் பெரியது, வலது கன்னத்தில்.

நான் கும்பிட்டேன். எண்ணெய் சரியாகப் போகாத என் தலையை அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். மெல்ல ஆரம்பிக்க நினைத்து, எல்லாவற்றையும் மொத்தமாகக் கொட்டிவிட்டேன். எத்தனையோ பையர்களைச் சமாளித்தவன் நான்.

"சார், நானு பிரிண்டிங் மாஸ்டருங்க. ஒரு தப்பு நடந்து போச்சுங்க. இந்தப் புள்ளைங்க உங்க மேல உசிரையே வெச்சிருக்குதுங்க. எங்க யூனிட்ல ஃபிலிம் திரும்பிருச்சுங்க, மச்சம் அந்தப் பக்கம் போயிருச்சுங்க. அவங்க மேல தப்பில்லீங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பரிமளாவின் டீ-சர்ட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "அம்மா, அந்தத் துப்பட்டாவைக் கொஞ்சம் எடுங்க," என்றார்.

ஜெசிந்தா எடுத்தாள். தலையைத் தூக்கவே இல்லை.

அவர் டீ-சர்ட்டில் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் நேரமாச்சு என்று கை காட்டினார், அவர் கவனிக்கவில்லை. கோபப்படுகிறாரோ என்று நினைத்தேன். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. டிவி சிரிப்பு இல்லை, வேறு மாதிரி.

"இவனைத்தாங்க நான் தினமும் காலையில ஷேவ் பண்றப்ப கண்ணாடியில பாக்கறேன்," என்றார். "ஊரு பூரா போஸ்டர்ல ஒட்டியிருக்கிறவன் எனக்கு எப்பவுமே வேற ஆள் மாதிரிதான் இருப்பான். இத்தனை வருஷத்துல என் மூஞ்சிய நான் பாக்கற மாதிரியே யாரும் போட்டதில்ல. நீங்கதான் போட்டிருக்கீங்க."

ஜெசிந்தா தலையைத் தூக்கினாள்.

"சாப்ட்டீங்களாம்மா?" என்று கேட்டார் அவர்.

எழுதிக் கொடுத்த வசனம்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் அங்கே நின்றவர்களில் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டது நான்தான். அப்பாடா என்று இருந்தது. முத்துப்பாண்டி மேடைக்குக் கீழே நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார், யாரைக் கும்பிட்டார் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

போட்டோ எடுத்தார்கள். ஜெசிந்தா அவருக்குப் பக்கத்தில், டீ-சர்ட்டை நெஞ்சுக்கு மேல் நன்றாக இழுத்துவிட்டு நின்றாள். அவளுக்குத் துப்பட்டா எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை, பரிமளாதான் தேடி எடுத்து வந்தாள்.

6. இளையவர்களுக்கு

எங்கள் யூனிட்டில் அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். எழுத்து இல்லாத டிசைன் வந்தால், படத்துக்கு வெளியே மூலையில் ஓர் எழுத்துப் போட்டுத்தான் ஃபிலிம் எடுக்கச் சொல்வோம். பிரிண்ட் அடிக்கும்போது அந்த எழுத்தை டேப் போட்டு மூடிவிடலாம். எழுத்து நேராகத் தெரிந்தால் முகமும் நேர். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் இதைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். அடுத்தது, சாம்பிளைச் சுரண்டியும் இழுத்தும் அளந்தும் பார்த்து முடித்த பிறகு, கீழே வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று, காசு கொடுத்து வாங்குகிறவன் போல ஒரு தடவை சும்மா பாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் சரியாகாது. அந்த சீரியல் முடியப் போகிறது என்று செய்தி வந்தபோது சங்கத்தில் ஆட்கள் அதிகமாகியிருந்தார்கள், மறுபடி டீ-சர்ட் வேண்டும் என்று ஜெசிந்தா வந்தாள். இந்தத் தடவை நான் விடுவேனா? மூலையில் எழுத்து, ஃபிலிம் சரியான பக்கம், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். முத்துப்பாண்டி மூச்சைப் பிடித்துக்கொண்டு சாம்பிள் அடித்தார். மச்சம் கச்சிதமாக வலது கன்னத்தில். எனக்கே ஒரு கர்வம் வந்துவிட்டது.

ஜெசிந்தா வந்தாள். இந்தத் தடவை துணியை இழுக்கவில்லை, சுரண்டவில்லை. டேபிளில் விரித்து வைத்து, தள்ளி நின்று பார்த்தாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, இது யாரு?"

"ஏனுங்க அம்மணி, உங்க லாரிக்கார அண்ணந்தானுங்க. மச்சம் பாருங்க, சரியான கன்னத்துல."

"போஸ்டர்ல இருக்கவருல்லா இது?" என்றாள். "அது ஊருக்கெல்லாம் உள்ளவரு. எங்களுக்கு எங்க அண்ணன்தான் வேணும்."

நான் முத்துப்பாண்டியைப் பார்த்தேன். அவர் ஃபிலிமை எடுத்து மறுபக்கமாகத் திருப்பி வைத்தார்.